கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்: ஹால் டிவிக்கு கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா?

போன இதழில் ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது என்று நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம் பற்றியவை. மலையகத்தில் இத்தனை பேர் விளையாடுகிறீர்களா என்று எனக்கே ஆச்சரியம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்தான்.

கேள்வி (ஹட்டன்): அண்ணா, எங்கள் ஹாலில் 43 அங்குல டிவி இருக்கிறது. மகனுக்குப் பதினாறு வயது, மகளுக்குப் பதினொன்று. கொழும்பில் வேலை செய்யும் மச்சான், வருடக் கடைசியில் வரும்போது ஏதாவது ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகன் கேமிங் பீசிதான் வேண்டும் என்கிறான், மச்சான் பிளேஸ்டேஷன் 5 என்கிறார். ஹாலில் வைக்க எது சரி?

பதில்: ஹாலில் என்றால் பிளேஸ்டேஷன். ஆனால் மகன் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள், அவன் வேறு ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறான். ஒரு மேசை, ஒரு கதிரை, காதில் ஹெட்செட், கதவைச் சாத்திய அறை. நீங்கள் கேட்பது ஹால். நம் வீட்டு ஹாலில் ஒரு மூலையில் சாமிப்படம், இன்னொரு மூலையில் பாட்டியின் கட்டில், எட்டு மணிக்கு சீரியல், யாராவது வந்தால் உட்கார வைப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் கீபோர்டை மடியில் வைத்து, மவுசுக்கு ஓர் அப்பியாசக் கொப்பியைப் போட்டு, செட்டியில் சாய்ந்தபடி கம்ப்யூட்டரில் விளையாடுவது எப்படியிருக்கும் என்று நான் ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டேன். விளையாடியதைவிட வேறு வேலைதான் அதிகம். விண்டோஸ் அப்டேட் ஓடும், சத்தம் டிவியில் வராமல் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும், எழுத்து அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் டிவிக்கென்றே பெரிய எழுத்துடன் 'பிக் பிக்சர்' என்று ஒன்று இருக்கிறது, நல்லதுதான், ஆனால் ஏதாவது ஒரு பிழைச் செய்தி வந்தால் திரும்பவும் எழுந்து போய் மவுசைத் தேட வேண்டும்.

பிளேஸ்டேஷனில் கன்ட்ரோலரின் நடுப் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான புதிய டிவிகளில் டிவியும் சேர்ந்து எழும்பும். அம்மா சீரியலுக்கு வந்தால் 'ரெஸ்ட் மோட்'டில் போட்டுவிட்டு, சீரியல் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மகளுக்கு இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்கிவிட்டால் சண்டையும் பாதி குறையும் (முழுவதும் குறையாது).

காசுக் கணக்குக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 நவம்பரில், டிஸ்க் போடும் மாடலுக்கு அமெரிக்காவில் 499 டொலர். பிறகு அங்கேயே விலையை ஏற்றினார்கள், இங்கே டொலர் மாற்றும் 18 சதவீத வற்வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து எங்கேயோ போய் நிற்கிறது. அப்படியிருந்தும் அதே அளவு வேலை செய்யும் கம்ப்யூட்டரைப் புதிதாகப் பூட்டினால் அதைவிடக் கூடத்தான் வரும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இன்னும் மோசம், ஏஐ கம்பனிகள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன, நம் பிள்ளைகளுக்கு விலை ஏறுகிறது. அதோடு உங்கள் டிவி வினாடிக்கு 60 படம் (பிரேம்) மட்டும் காட்டும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் டிவியாகத்தான் இருக்கும். மகன் சொல்லும் 144 பிரேம், 240 பிரேம் எல்லாம் அதில் தெரியவே தெரியாது, அதற்குத் தனி மானிட்டர் வேண்டும். மச்சான் ஆசைப்பட்டு விலை கூடிய 'புரோ' மாடலைத் தூக்கிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' என்று இருந்தால் அதைப் போடுங்கள். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையில் வரும் சுணக்கம் குறையும்.

ஆனால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: என்ன கேம் விளையாடப் போகிறாய்? கால்பந்து, கிரிக்கெட், ஜிடிஏ என்றால் யோசிக்கவே வேண்டாம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்றால் அவை கன்சோலுக்கு வரவேயில்லை. வேலரன்ட் 2024இல் கன்சோலுக்கு வந்தது, ஆனால் கன்சோல்காரர் கன்சோல்காரரோடுதான் விளையாட முடியும், கம்ப்யூட்டரில் இருக்கும் அவன் கூட்டாளிகளோடு சேர முடியாது. கூட்டாளிகள் எல்லோரும் வேலரன்டில் இருக்கும்போது இவனுக்குப் பிளேஸ்டேஷன் வாங்கிக் கொடுத்தால் அது கொஞ்ச நாளில் மகளுக்குச் சொந்தமாகிவிடும். அதுவும் கெட்டதில்லை.

கேள்வி (அப்புத்தளை): எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பிளேஸ்டேஷனைவிட மலிவாகக் கிடைக்கிறது. சின்னதாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர்தான். வாங்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, தம்பி. 4ஜி ரவுட்டர் என்று எழுதினீர்களே, அதனால் வேண்டாம்.

சீரிஸ் எஸ் நல்ல பெட்டி, கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் அதில் டிஸ்க் போட இடமே இல்லை, ஒவ்வொரு கேமையும் இறக்க வேண்டும். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி சாதாரணமாக வரும். உங்கள் ரவுட்டருக்கு 10 எம்பிபிஎஸ் வேகம் நிலையாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், 100 ஜிபி இறங்க 22 மணித்தியாலம். மழையும் மூட்டமுமாக இருக்கிற நாளில், சாயங்காலம் எல்லோரும் போனை எடுக்கிற நேரத்தில், அந்த 10 எங்கே கிடைக்கப் போகிறது? டேட்டா பெக்கேஜும் ஒரே கேமில் காலி. பைபர் இழுத்த வீடாக இருந்தால் என் பதில் வேறு.

மலைநாட்டில் கன்சோல் வாங்குகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது டிஸ்க் போடும் மாடலைத்தான். டிஸ்கிலிருந்து பெரும்பகுதி ஏறிவிடும், அப்டேட்டை மட்டும் இறக்கினால் போதும் (அதுவே சில நேரம் 20, 30 ஜிபி வந்து வெறுப்பேற்றும், அது வேறு கதை). முடித்த டிஸ்கைப் பாதி விலைக்காவது விற்கலாம், பக்கத்து வீட்டுப் பொடியனோடு மாற்றலாம். நாங்கள் பண்டாரவளையில் ஐந்து பேர் இப்படி மாற்றிக்கொண்டேதான் வருகிறோம், நான் புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வருடத்துக்கு இரண்டு இருக்கும். டிஸ்க் இல்லாத 'ஸ்லிம்' பிளேஸ்டேஷன் 5 மலிவாகக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம், டிஸ்க் டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பூட்டலாம். முதல் தடவை பூட்டும்போது இன்டர்நெட் தேவை, மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. எல்லோரும் வேறொரு நாட்டைப் போட்டுத்தான் திறக்கிறார்கள், பிறகு அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டை மட்டும்தான் வாங்கிப் போட முடியும், நாட்டை மாற்றவும் முடியாது. ஆகவே திறக்கும் முன்பே, எந்த நாட்டுக் கார்டு உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட 'பிளஸ்' சந்தாவும் வேண்டும். போர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், நியாயம்தான். ஸ்டீமில் இலங்கை என்றே கணக்குத் திறக்கலாம், ஆன்லைனுக்குத் தனிச் சந்தா இல்லை, எபிக் என்ற இன்னோர் ஆன்லைன் கடையில் வாராவாரம் ஏதாவது ஒரு கேம் சும்மா தருகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். திரும்பவும் அந்த ரவுட்டர்தான்.

கேள்வி (லிந்துலை): கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. அதோடு எங்கள் பக்கம் மின்னல் அதிகம். பொருள் தாங்குமா?

பதில்: அக்கா, பில்லை முதலில் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம் ஓடும்போது ஏறக்குறைய 200 வோட் இழுக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் 18 யூனிட். நல்ல கேமிங் கம்ப்யூட்டர் 400 வோட் வரை போகும், அதே கணக்கில் 36 யூனிட். 18 யூனிட் என்ன பெரிதா என்று கேட்கலாம், ஆனால் நம் பில் படிப்படியாக ஏறுகிற பில். 60 யூனிட்டுக்குள் இருக்கிற வீடு அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுக்கும் வேறு விலைப் பட்டியல் வந்துவிடும். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். 50இல் இருந்தால் யோசியுங்கள், 80இல் இருந்தால் அந்தப் பயம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

மின்னல்தான் என் சொந்தக் கதை. நமக்கு இடி மின்னல் மாதம் மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர், அதுவும் மத்தியானத்துக்கு மேல். அப்படி ஓர் ஏப்ரல் மத்தியானம் வானம் கறுத்ததும் ஓடிப்போய்ப் பிளேஸ்டேஷன் பிளக்கைக் கழற்றினேன். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கூரையில் டிஷ் என்டனா இருந்தது, அதிலிருந்து வயர் டிகோடருக்கு, டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ பிளேஸ்டேஷனுக்கு. மின்னல் டிஷ் வழியாக வந்து மூன்றையும் பார்த்துவிட்டுப் போனது. பிளேஸ்டேஷனில் லைட் எரிந்தது, படம் மட்டும் வரவில்லை. பழுது பார்க்க கொழும்புக்கு அனுப்பி, ஆறு வாரம் காத்திருந்து, கொடுத்த காசைச் சொன்னால் மனைவி இதையும் படிப்பார், அதனால் வேண்டாம்.

ஆகவே பிளக், டிஷ் வயர், எச்டிஎம்ஐ, ரவுட்டரிலிருந்து லேன் வயர் போட்டிருந்தால் அதுவும், நான்கையும் கழற்றுங்கள். சேர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் அது சரியாக வேலை செய்ய வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும், பழைய லயங்களில் அதை எத்தனை வீட்டில் நம்பலாம்? வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் தட்டைப் பின்னை, உருண்டைப் பின் சொக்கெட்டில் குச்சியை விட்டுக் குத்துகிற வழக்கத்தையும் நிறுத்துங்கள். நல்ல அடப்டர் ஒன்று வாங்குங்கள்.

கரண்ட் திடீரென்று போவதற்கு ஒரு சின்ன யூபிஎஸ் உதவும். 650 விஏ என்று போட்டிருப்பதில் 350 வோட் சொச்சம்தான் கிடைக்கும், டிவியும் பிளேஸ்டேஷனும் சில நிமிடம் ஓடும், சேவ் பண்ணி நிறுத்த அது போதும். தொடர்ந்து விளையாட அல்ல.

கேள்வி (மஸ்கெலியா): மகன் அடுத்த வருடம் ஓ.எல். எழுதுகிறான். பிளேஸ்டேஷன் வேண்டும் என்று சாப்பிடாமல் இருக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. சீட்டுக் காசு வரப்போகிறது.

பதில்: தங்கச்சி, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என் பதில் மாறுகிறது. கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் சீட்டுக் காசில் முதலில் வர வேண்டியது கம்ப்யூட்டர்தான். கொரோனா காலத்தில் சிக்னலுக்காக மலை ஏறி, ஒரே போனைச் சுற்றி நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் லெப்டொப் ஒன்று எடுங்கள், ஐசிடி பாடத்துக்கும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்துக்கும் அது போதும். ஓர் எச்டிஎம்ஐ வயரும் ஒரு கன்ட்ரோலரும் சேர்த்து வாங்கிக் கொடுத்தால் ஹால் டிவியிலேயே பழைய கேம்கள் ஓடும். புதிய பெரிய கேம் ஓடாது, அதை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றிவிட்டீர்கள் என்பான்.

பரீட்சை முடிந்த பிறகும் கேட்டால் பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று பாருங்கள். 2013இல் வந்த மெஷின்தான், இன்னும் ஓடுகிறது, கிரிக்கெட் 24 அதிலும் இருக்கிறது, டிஸ்க் மலிவு. ஆனால் படம் பார்த்து வாங்கக் கூடாது. டிவியில் மாட்டச் சொல்லி, ஒரு டிஸ்கைப் போட்டு எடுத்து, அரை மணித்தியாலம் விளையாடிப் பார்த்து, கன்ட்ரோலரைத் தொடாமல் விட்டால் ஆள் தானாக நடக்கிறானா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் ஸ்டிக் போய்விட்டது, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

சாப்பிடாமல் இருப்பது பற்றி: இரண்டாம் நாள் சாப்பிடுவான்.

கேள்வி (வெலிமடை): ஸ்டீம் மெஷின் வருமாமே, டிவிக்கென்றே செய்த கம்ப்யூட்டர். காத்திருக்கலாமா?

பதில்: 2025 நவம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பனி அறிவித்தது அதுதான். யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது, நான் மேலே திட்டிய பாதிக்கு அது பதில் சொல்கிறது. ஆனால் இதே பெயரில் 2015இலும் சில பெட்டிகள் வந்து யாருக்கும் தெரியாமல் போயின. இலங்கைக்கு வால்வ் தன் மெஷின் எதையும் நேரடியாக விற்பதில்லை, கையில் வைத்து விளையாடும் ஸ்டீம் டெக் கூட யாரோ பையில் கொண்டு வந்ததுதான். வாரண்டி இல்லாமல், கடைக்காரர் வைத்த விலையில் வாங்க ஆசையிருந்தால் காத்திருங்கள். காசு கையில் இருக்கிறது, இந்தக் கிறிஸ்மஸ் லீவுக்கே விளையாட வேண்டும் என்றால் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5.

அப்புறம், உங்கள் கடிதத்தின் கீழே சமையலறைக்குப் பக்கத்தில்தான் டிவி என்று எழுதியிருந்தீர்கள். விறகடுப்பு என்றால் எதை வாங்கினாலும் கவனம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து காற்றாடியில் தார் மாதிரி ஒட்டும், தூசியைப் போல ஊதினால் போகாது. டிவிக்குக் கீழே கதவு வைத்த அலமாரிக்குள் தள்ளாமல், அடுப்புக்கு எதிர்ச் சுவரில், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பக்கத் தட்டைக் கழற்றி வெக்யூமால் தூசியை இழுங்கள். ஈரத்துணி வேண்டாம், ஒருவர் அதைச் செய்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார், அது அடுத்த இதழில்.