மட்டக்களப்பு – பலாலி வான்தூரம்: 273 வந்தது ஏன்?

வணக்கம். மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு உங்கள் கணக்கில் 273 கிலோமீற்றரும் இணையக் கணிப்பான்களில் 292 கிலோமீற்றரும் வருவதாகவும், சூத்திரம் பிழையோ என்றும் கேட்டிருந்தீர்கள். சூத்திரம் சரி; அதற்குள் இட்ட எண்களே பிழை. மட்டக்களப்பின் அகலக்கோடான 7 பாகை 42 கலை என்பதை 7.42 என்று எழுதிவிட்டீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 42ஐ 60ஆல் வகுக்க வேண்டும்; அது 7.70 ஆகும். (பலரும் இடறும் இடம் இதுதான்.) அவ்வாறே மட்டக்களப்பின் நெடுங்கோடு 81.683; பலாலிக்கு அகலக்கோடு 9.783, நெடுங்கோடு 80.067.

அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீற்றர் என்பதால், அகலக்கோட்டு வித்தியாசம் 2.083ஐ 111.2ஆல் பெருக்கினால் 231.6 கிலோமீற்றர். நெடுங்கோட்டு வித்தியாசம் 1.616ஐயும் அவ்வாறே பெருக்கி, நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால், சராசரி அகலக்கோடான 8.74 பாகையின் கோசைன் பெறுமானம் 0.988ஆலும் பெருக்கினால் 177.5 கிடைக்கும். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 292, அதாவது ஏறத்தாழ 158 கடல் மைல்.

இலங்கைக்குள் இம்முறை தாராளமாகப் போதும். இலண்டன்வரை கணக்கிடுவதானால், பூமியின் உருண்டை வடிவைக் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் போன்ற சூத்திரம் வேண்டும். எக்செலில் செய்வீர்களாயின், கோசைனுக்குக் கொடுக்குமுன் பாகையை ஆரையனாக (radian, கோணத்தை அளக்கும் மற்றோர் அலகு) மாற்றிக்கொள்ளுங்கள்.