சோளகம் ஓயும் நாட்களில் முல்லைக் கடலில் தூண்டில்: கேள்வி பதில்

கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் ஊருக்கு வரும் பிள்ளைகள், படகொன்றை வாடகைக்குப் பிடித்துக் கரையோரக் கடலில் தூண்டில் போட விரும்பி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் நெடுங்காலம் பதினெட்டு அடிப் பைபர் படகு ஓட்டியவன் நான். பலநாள் படகுகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

லண்டனிலிருந்து வருபவர்: ஓகஸ்ட் கடைசியில் கடல் எப்படி இருக்கும், ஐயா?

வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வருவதால், வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கும் முல்லைத்தீவுக் கரைக்கு அது முதுகுப்புறக் காற்றாகும். கரையை அண்டிய நீரில் அலை எழும்பி வளர இடமில்லை. ஆகவே கொக்கிளாய் தொடங்கிச் செம்மலை, அளம்பில் வரை விடியற்காலையில் கடல் குளம் போலக் கிடக்கும். அந்த அமைதியைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன். எஞ்சின் நின்றுவிட்டால் அதே காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, வெளிக்கடலுக்கே தள்ளும். போகப் போக அலையும் பெருக்கும். மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வீதம் ஒதுங்கினாலும் ஐந்து மணித்தியாலத்தில் பத்துக் கிலோமீற்றர் போய்விடுவீர்கள். எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் நங்கூரத்தை இறக்க வேண்டும், ஏனெனில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆழம் கூடிக்கொண்டே போகும். கயிறு ஆழத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

ஒருமுறை மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து என் எஞ்சின் நின்றது. நங்கூரம் இருந்தது, ஆனால் கயிறு இருபது பாகம் மட்டுமே (பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்). அது நிலத்தைத் தொட்டுத் தொட்டு இழுபட்டதே தவிரப் பிடிக்கவில்லை. கொக்கிளாய்ப் படகொன்று கண்டு இழுத்து வந்திராவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: ஒரு நாளைக்குப் படகு வாடகை எவ்வளவு?

எரிபொருள் விலையோடு அது மாறும். கரைக்குப் போய்ப் படகின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் நேரில் பேசுங்கள்.

முள்ளியவளைத் தம்பி ஒருவர்: அறக்குளா மீன் ஏன் என் தங்கூசி நூலை மட்டும் அறுத்துக்கொண்டு போகிறது?

எல்லோருடையதையும் அறுக்கும், தம்பி. அறக்குளாவின் பல் கத்தரிக்கோல் போன்றது; பின்னாலிருந்து விரைந்து வந்து இரையை நடுவே துண்டாடும். ஆகவே தூண்டிலுக்கு மேல் ஒரு சாண் அளவு மெல்லிய உருக்குக் கம்பி வேண்டும். கம்பி தடித்தால் தெளிந்த நீரில் மீன் அதைக் கண்டு விலகும், கம்பியே இல்லாவிட்டால் இரையும் தூண்டிலும் சேர்ந்தே போகும். சோளகக் காலத்தில் மழை குறைவு, ஆறுகளும் கலங்கல் நீரைக் கொண்டுவருவதில்லை. கடல் தெளிந்திருப்பதால் மெல்லிய கம்பியே நல்லது. இரைக்கு முரலோ சிறிய கும்பளாவோ போதும். ஒரு தூண்டிலைத் தலையிலும் இன்னொன்றை வாலருகிலும் கோத்தால், நடுவே கடித்துப்போகும் மீனும் அகப்படும். உயிர் இரையானால் படகை மெல்ல நகர்த்துங்கள், செயற்கை இரையானால் சற்று வேகம் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், பறவைகள் தாழ்ந்து பறந்து நீரில் குத்தும் இடத்தைத் தேடிப் போங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே படகை ஓட்டாதீர்கள், அங்கே திரண்டிருக்கும் சிறு மீனான சூடை கலைந்தால் அதைத் துரத்தி வந்த மீனும் கலைந்துவிடும். ஓரத்தால் சுற்றி வர வேண்டும்.

கடலடிக் கற்பாறையான பார் இருக்கும் இடத்தில் கலவாயும் விளைமீனும் கிடைக்கும், ஆனால் அது வேறு வேலை. ஈயக்குண்டும் பொறுமையும் வேண்டும்.

பிடித்த மீனை உடனே ஐஸில் வையுங்கள், குறிப்பாகச் சூரையை. வெயிலில் கிடந்த சூரையில் உருவாகும் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்துவிடும். நஞ்சு மீனான பேத்தை அகப்பட்டால் கடலில் விட்டுவிடுங்கள்.

இன்னொருவர்: வாடகை ஏறத்தாழ எவ்வளவு வரும்?

மேலே எழுதியிருக்கிறேன்.

மேற்குக் கரை நாச்சிக்குடாவிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: நீங்கள் வன்னியென்றால் முல்லைத்தீவை மட்டும்தான் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் எஞ்சின் நின்றால் சோளகம் எங்களைக் கரைக்கே கொண்டுவரும். அப்படியானால் எது பாதுகாப்பு?

காற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் அதை எழுதாதது குறைதான். இருந்தாலும் பாக்குநீரிணைப் பக்கம் கடல் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. அங்கே சோளகம் எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். கடலுக்குப் பழகாதவர்களை ஏற்றிய படகுக்கு அது நல்லதல்ல. எதிர்காற்றில் ஓடி எரிபொருளும் தீரும்.

அதே நாச்சிக்குடாக்காரர்: அலை உடம்பை நனைக்கும், ஆளைக் கொல்லாது. உங்கள் அமைதியான கடல்தான் கொல்லும்.

இந்த ஒரு வரியை நான் முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆயினும் முருகைக்கல்லில் மோதிய படகை உங்கள் கரையிலும் கண்டிருப்பீர்கள். கரைக்கு ஒதுக்கும் காற்று கல்லுக்கும் ஒதுக்கும் என்பதால், நங்கூரம் உங்களுக்கும் எங்களுக்கும் பொது. சோளகம் ஓய்ந்து வடகிழக்குக் காற்றான வாடை தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில் உங்கள் கடலும் நல்ல கடல்தான் என்று ஒப்புக்கொண்டு இதை நிறுத்துகிறேன்.

அளம்பிலிலிருந்து ஒருவர்: அவர் சொல்வது தவறு, ஐயா. எங்கள் கடலில் போன வருடமும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காத வருடத்தில்தான் கயிற்றைக் கழற்றி ஆட்டுக்குக் கட்டுகிறார்கள். உங்கள் நங்கூரக் கயிறு எத்தனை பாகம் என்று முதலில் எழுதுங்கள்.

ஒரு தங்கச்சி: நந்திக்கடல் களப்பில் கொடுவா மீன் பிடிக்கலாமா?

கோடை முடிவில் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும், நீரும் வற்றிக் கிடக்கும். மாரியில் வட்டுவாகலில் நீர் வெட்டித் திறந்த பிறகு கேளுங்கள். வடக்கே உள்ள சுண்டிக்குளம் களப்பு 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே போக நினைத்தால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும்.

பாரிஸிலிருந்து ஒருவர்: செப்ரெம்பரில் வருகிறோம், சிங்க இறால் கிடைக்குமா?

செப்ரெம்பரும் ஒக்ரோபரும் அதைப் பிடிக்கத் தடை செய்யப்பட்ட மாதங்கள். முட்டையுள்ள சிங்க இறாலை எந்த மாதத்திலும் தொடக் கூடாது.

வேறொருவர்: கடலில் வாந்தி வருமே, என்ன செய்வது?

படகின் நடுவில் இருந்து கரையைப் பாருங்கள். தொலைபேசியைப் பார்க்காதீர்கள்.

பெயர் எழுதாத ஒருவர்: முள்ளிவாய்க்காலுக்கு நேரே தூண்டில் போடலாமா?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போடுவதில்லை.

மல்லாவியிலிருந்து ஒருவர்: ஐப்பசியில் வந்தால் வாடகை குறையுமா?

குறையும், ஏனெனில் ஐப்பசியில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமுகில் எழும், படகுக்காரர் பலர் போகவே மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் வாடையும் புயலும் வரும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. புறப்படும் நாளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவிப்பைக் கேளுங்கள், ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் எத்தனை பேர் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள்.

ஒஸ்லோவிலிருந்து ஒருவர்: ஐயா, வாடகை...

படகில் ஏறுமுன் அதன் முன்பக்கமான அணியத்தில் சுருட்டி வைத்திருக்கும் நங்கூரக் கயிற்றை எடுத்துப் பாகம் போட்டு எண்ணிப் பாருங்கள். ஐம்பது பாகம் தேறினால் சம்மாட்டி கேட்பதைக் கொடுங்கள்.