சென்னையின் மக்கள்தொகை 46 லட்சமா, 87 லட்சமா?
இரண்டுமே 2011 கணக்கெடுப்பின் எண்கள்தான். 46 லட்சம் அப்போதைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும். தாம்பரம், பல்லாவரம், ஆவடி என்று கட்டடங்கள் விடாமல் தொடரும் ஊர்களையும் சேர்த்தால் 87 லட்சம். இதைத்தான் நகரத் திரள் என்கிறார்கள். பெருநகரங்களை ஒப்பிட இதுவே சரியான அளவுகோல்.

அந்தக் கணக்கில் மும்பை 1.84 கோடி, டெல்லி 1.63 கோடி, கொல்கத்தா 1.41 கோடி, சென்னை நான்காவது.

ஆனால் டெல்லி எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். நகரத் திரள் மாநில எல்லையைத் தாண்டாது. டெல்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே குருகிராம் போய்விடலாம். ஆனால் அது ஹரியானா. யமுனைக்கு அக்கரை நொய்டா உத்தரப் பிரதேசம். இரண்டும் கணக்கில் வராது. இவற்றோடு காசியாபாத், ஃபரிதாபாத்தையும் சேர்த்தால், அன்றைக்கே டெல்லி மும்பையை மிஞ்சியிருக்கும்.