வியன்னாவில் ஒரு தீப்பெட்டி அறை – கடிதம்

அன்புள்ள சார்,

வியன்னாவில் நீங்கள் தங்கிய சின்ன விடுதியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்த ஜூலையில் நானும் மனைவியும் டூர் கம்பெனியை நம்பாமல் நாங்களே கிளம்பினோம். பிராக், வியன்னா, வெனிஸ், ரோம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறைகள் எல்லாம் தீப்பெட்டி. வியன்னாவில் ஏ.சி. இல்லை, ஃபேன்கூட இல்லை. முதல் மாடி என்றார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூன்றாவது மாடி. வெந்நீர் வைக்க ஒரு கெட்டில் எங்கேயும் கிடையாது. காலி செய்யும்போது ஊர் வரி என்று தனியாகக் காசு கேட்டார்கள். வெனிஸுக்கு வெளியே மெஸ்த்ரேயில்தான் ரூம் கட்டுப்படியானது. பிராக் கடிகாரத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம், ஒன்றும் இல்லை. சிஸ்டைன் சேப்பலில் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் நெட்டித் தள்ளிவிட்டார்கள்.

என் மச்சான் போன வருஷம் குரூப் டூரில் போனார். கிட்டத்தட்ட இதே செலவு. பெரிய அறை, ஏ.சி., ராத்திரி சாதம், சாம்பார். அடுத்த வருஷம் அம்மாவை அழைத்துப் போக வேண்டும். 68 வயது, மூட்டு வலி உண்டு. பேசாமல் குரூப்பிலேயே போய்விடலாமா?

அன்புடன்,
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மச்சானிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பெரிய அறையின் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிந்தது? அனேகமாக நெடுஞ்சாலை, இரண்டு கிடங்கு, கார் நிறுத்துமிடம், ஒரு பெட்ரோல் பங்க். குரூப் டூர்க்காரர்கள் ஐரோப்பாவில் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான் அறை பிடிக்கிறார்கள். அங்கேதான் பஸ் நிற்க இடம் இருக்கும், வாடகையும் குறைவு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு ஊருக்குள் வந்து சேரலாம். மற்ற எல்லா பஸ்களும் வந்து சேர்வது அதே பத்து மணிக்குத்தான். சாயங்காலமும் நம் இஷ்டம் கிடையாது. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி பஸ் ஓட்டுநருக்கு ஒரு நாளில் வழக்கமாக 9 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட அனுமதி இல்லை, 11 மணி நேரம் ஓய்வும் கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் உங்கள் மாலைப்பொழுதை உங்களுக்குப் பதில் அது முடிவு செய்துவிடும். ஆறரை மணிக்கு இந்திய ரெஸ்டாரண்டில் சாம்பார், எட்டு மணிக்கு அறை. ஜூனில் அந்த நேரத்துக்கு அங்கே வெயில்கூட இறங்கியிருக்காது.

என் கணக்கு ரொம்பச் சின்னது. ஐரோப்பிய ஊர்களைக் காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். அதற்கு நடு ஊரில் படுக்க வேண்டும். கையில் இருக்கிற காசுக்கு நடு ஊரில் கிடைப்பது சின்ன அறை. நான் வாடகை கொடுப்பது அந்தத் தெருவுக்கு. கட்டில் அதோடு சேர்ந்து வருகிறது.

அந்த அறை ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். வியன்னாவைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவரை இடிக்க 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் உத்தரவு போட்டார். அந்த இடத்தில் வந்த வட்டச் சாலை 1865இல் திறக்கப்பட்டது. அதை ஒட்டியும் அதற்கு வெளியேயும் அடுத்த ஐம்பது வருஷத்தில் வரிசை வரிசையாக அடுக்குமாடி வீடுகள் எழும்பின. நீங்களும் நானும் தங்கிய ‘பென்சியோன்’ என்ற சின்ன விடுதிகள் எல்லாம் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் ஒரே ஒரு தளம்தான். கீழ்த்தளத்தில் கடை இருக்கும், மேலே ஒரு பல் டாக்டர், அதற்கும் மேலே குடித்தனக்காரர்கள். நடுவில் ஒரு தளத்தில் நமக்கு அறை. பெரிய கூடத்தைத் தடுத்து இரண்டாக்கி, மூலையில் ஒரு பீரோ அளவுக்குக் குளியலறையை நிறுத்தியிருப்பார்கள். தரையில் பெட்டியை விரித்துப் போட இடம் இருக்காது, அண்ணாந்து பார்த்தால் கூரை எங்கேயோ இருக்கும். ஜன்னல் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு அடுக்கு. இரண்டையும் சாத்தினால் டிராம் சத்தம் நின்றுவிடும். இரட்டைக் கட்டில் என்பார்கள், மெத்தை இரண்டு, போர்வையும் ஆளுக்கு ஒன்று. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பல கல்யாணங்கள் இதனால் பிழைத்திருக்கும்.

மாடிக் கணக்கில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. வியன்னாவின் பழைய வீடுகளில் தரைத்தளத்துக்கு மேலே ‘ஹோக்பார்ட்டெர்’ என்று ஒன்று, அதற்கு மேல் ‘மெசனின்’ என்று ஒன்று. அதற்கப்புறம்தான் முதல் மாடி. அந்தக் காலத்துக் கட்டட விதிகளில் தளங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தது, அதைச் சமாளிக்கத்தான் இந்தப் பெயர்கள் என்று அங்கே சொல்வார்கள். நம் ஊர் பில்டர்களுக்கு மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

ஏ.சி. விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஜூலையில் வியன்னா 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்தக் கனமான சுவர்கள் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாளிலிருந்து பகல் சூட்டை ராத்திரி நமக்கே திருப்பித் தரும். ஃபேன் கேட்டால் கிடைத்தால் உண்டு. நான் போனது செப்டம்பரில். ஸ்கூல் லீவ் இல்லாதவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுவதே நல்லது. அந்த இரண்டு மாதமும் இசை நாடகம் நடக்கும் வியன்னா ஸ்டேட் ஓபராவுக்கு விடுமுறை வேறு. ஓபராவுக்குப் போகாமல் அந்த ஊரில் இத்தனை சிரமப்பட்டது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தமான செய்தி.

நான் சொல்வது சீட் டிக்கெட்டை அல்ல. அங்கே நின்று பார்க்கும் டிக்கெட் என்று தனியாக உண்டு, இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும். 1869இல் திறந்த அரங்கு, 1945 மார்ச்சில் குண்டு விழுந்து பாதிக்கு மேல் எரிந்துபோனது. திரும்பக் கட்டி 1955இல் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு திறந்தார்கள். நின்று பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு வரிசையிலும் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி, அதில் பாட்டின் அர்த்தம் ஓடும் குட்டித் திரை. உள்ளே நுழைந்ததும் இடம் பிடித்து அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த வயதான அம்மாள், தன் ஸ்கார்ஃபைக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, என் கழுத்து மஃப்ளரைக் கையால் காட்டி, கட்டு என்றார். கட்டினேன். என்னையும் இழுத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் கம்பி முழுக்கத் துணிகள். சிவப்பு, கட்டம் போட்டது, ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி. துணி இருக்கும் இடத்தில் யாரும் நிற்பதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் கலை நமக்கே உரியது என்ற கர்வம் அன்றைக்குப் போயிற்று. அந்த அம்மாள் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றார். எனக்கு இரண்டாம் அங்கத்திலேயே முழங்கால் கெஞ்சியது. பத்தரைக்கு முடிந்தது, நடந்தே அறைக்கு வந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து ஏ.சி. அறையில் தங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

பிராக் கடிகாரத்தைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1410இலிருந்து அது அங்கே இருக்கிறது, அதன் முகத்தில் இருக்கும் வானியல் கணக்கு அபாரமானது. ஆனால் மணிக்கு மணி நடக்கும் பொம்மை ஊர்வலம் ஒரு நிமிஷம்கூட இல்லை. எலும்புக்கூடு மணி அடிக்கும், அப்போஸ்தலர்கள் வந்து போவார்கள், சேவல் கூவும், அவ்வளவுதான். எல்லோரும் கையைத் தூக்கிப் போனில் படம் எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தை ஜேப்படிக்காரர்கள் வீணாக்குவதில்லை. கடிகாரத்தை ஆள் இல்லாத நேரத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சார்ல்ஸ் பாலம். 1357இல் கட்டத் தொடங்கியது. அரை கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது சிலைகள். மதியம் அதில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. காலை ஆறு மணிக்கு நான் போனபோது கல்யாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கும் ஒரு ஜோடி, குப்பை அள்ளும் வண்டி ஒன்று.

கெட்டில், ஊர் வரி இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அறையில் கெட்டில் வைப்பது இங்கிலாந்துப் பழக்கம், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் சின்ன விடுதிகளில் எதிர்பார்க்காதீர்கள். வரியை விடுதிக்காரர் தன் பைக்குப் போட்டுக்கொள்வதில்லை, நகராட்சிக்குக் கட்டுகிறார். ரோமில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று விடுதியின் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குவார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டு புக் செய்தால் கடைசி நாளில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அப்புறம், கேட்கக் கூச்சப்பட்டு நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கும். கழிப்பறைக் குவளை. வியன்னாவிலும் பிராகிலும் காகிதம்தான், காலி வாட்டர் பாட்டில்தான் துணை. இத்தாலியில் கவலையே இல்லை. வீட்டுக்கு வீடு, கழுவிக்கொள்ள உதவும் பிடே இருக்க வேண்டும் என்று 1975இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள், விடுதிகளும் வழக்கமாக வைத்திருக்கின்றன. பீங்கான் தொட்டி மாதிரி ஓரமாக நிற்பதில் காலைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வெனிஸில்தான் என் கணக்கு கொஞ்சம் தள்ளாடும். தீவுக்குள் அறை பிடித்தால் நிஜமாகவே கை கடிக்கும். நீங்கள் மெஸ்த்ரேயில் தங்கியது சரி, ரயிலில் பத்து நிமிஷம்தான். ஐந்து மணிக்கே திரும்பிவிட்டதாக உங்கள் கடிதத்தின் இன்னொரு பத்தியில் எழுதியிருக்கிறீர்கள் (நீளம் கருதி இங்கே எடுத்துவிட்டேன்). அதை ஏன் செய்தீர்கள்? 2024இலிருந்து வசந்தம், கோடை மாதங்களின் குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அதன் நேரம் காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை. எந்த நேரத்தில் அந்த ஊர் மூச்சுத் திணறுகிறது என்று நகராட்சியே எழுதி ஒட்டியிருக்கிறது. மெஸ்த்ரேயில் தங்கியவர் நான்கு மணிக்கு உள்ளே போய், ராத்திரி கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடித்துத் திரும்பலாம். கொண்டோலாவுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ கொடுக்க மனம் வரவில்லை என்றால் ரியால்ட்டோ சந்தைப் பக்கம் போங்கள். கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும் ‘திராகெத்தோ’ என்ற பரிசல் துறை இருக்கிறது. அதுவும் கொண்டோலாதான், இரண்டு யூரோ, இரண்டு நிமிஷம். காய்கறிப் பையோடு வரும் உள்ளூர்க்காரர்கள் உட்காருவதில்லை, நின்றபடியே போவார்கள். நான் உட்கார்ந்தேன்.

சிஸ்டைன் சேப்பலில் தள்ளுவார்கள்தான், அதற்கு மாற்று வழி எனக்கும் தெரியாது. மாதத்தின் கடைசி ஞாயிறு அந்தச் சேப்பல் இருக்கிற வாடிகன் மியூசியம் இலவசம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் இதற்கும் மேல் இருக்கும். ஆனால் ரோமில் பெரிய ஓவியத்தைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனிலிருந்து சில நிமிஷ நடையில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்றொரு சர்ச். அதன் இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜோவின் மூன்று பெரிய படங்கள், புனித மத்தேயுவின் கதை. நான் போனபோது அந்த மூலை கும்மிருட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது, காசு போட்டால் விளக்கு எரியும். ஒரு படத்தில் வரி வசூலிக்கிறவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பையன் குனிந்த தலை நிமிராமல் காசை எண்ணுகிறான், வலது ஓரத்தில் இயேசுவின் கை நீளுகிறது, அவர் தலைக்கு மேலே வெளிச்சம் சாய்வாக உள்ளே வருகிறது. அந்தக் கை யாரைக் காட்டுகிறது என்று யோசிக்கும்போது விளக்கு அணைந்துவிடும். இருட்டில் பத்துப் பேர். அடுத்த காசை யார் போடுவது என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் பொறுமை இழந்து பர்ஸைத் திறந்தார், எல்லோருக்கும் நிம்மதி. மத்தியானம் சர்ச்சைப் பூட்டிவிடுவார்கள், காலையில் போங்கள். மைக்கேலாஞ்சலோவின் மோசஸ் சிலையும் சான் பியெத்ரோ இன் வின்கோலி சர்ச்சில் டிக்கெட் இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இனி அம்மா. குரூப் டூரில் பெரிய தொல்லை பெட்டி கட்டுவது. இரண்டு நாளைக்கு ஓர் ஊர், காலை ஆறரைக்குப் பெட்டி வராந்தாவில் இருக்க வேண்டும். மூட்டு வலிக்கு அது ஆகாது. வெனிஸையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அங்கே பாலங்கள் நானூறுக்கு மேல், பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்கத்தான் வேண்டும். ஒரே ஊரில் ஒரு வாரம் இருங்கள், வியன்னாவே போதும், மே மாதம் போங்கள். அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள், சமையல் மேடை வைத்த சின்ன அப்பார்ட்மெண்ட் கிடைக்கும், சாதம் வடிக்கலாம். புக் செய்யும் முன் ‘லிஃப்ட் உண்டா’ என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் பதில் வரும். தெருவிலிருந்து லிஃப்ட் கதவு வரை எத்தனை படி என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் அரை மாடி ஏறின பிறகுதான் லிஃப்டே தொடங்கும்.

ஓபராவில் அம்மாவுக்கு உட்காரும் டிக்கெட் வாங்குங்கள், மேடையின் ஒரு மூலை மறைக்கிற சீட் மலிவாகக் கிடைக்கும். 71ஆம் நம்பர் டிராமில் மத்திய கல்லறைக்குப் போகலாம், பீத்தோவனும் ஷூபர்ட்டும் பிராம்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குக் கல்லறைக்குள்ளேயே ஒரு பஸ் ஓடுகிறது. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ பயணக் காப்பீடு எப்படியும் எடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இருக்கிற மூட்டுக் கோளாறு அதில் சேருமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.