நகையை மூன்றாவது முறை மாற்றி வைக்காதீர்கள்

கேள்வி: குரோம்பேட்டையில் வசிக்கிறேன். வயது 49. மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும்தான். "இனி தாராளமாக வெளியூர் போய் வாங்கம்மா" என்று டாக்டரே சொல்லிவிட்டார். பிறந்த ஊரான தென்காசிக்குப் பிள்ளைகளுடன் போக வேண்டும், தாஜ் மஹாலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசை. கணவரின் சம்பளம் கைக்கு 78,000 ரூபாய், செலவு 66,000. வைப்புநிதியில் 6 லட்சம் இருக்கிறது. என் 20 சவரன் நகை, கொழுந்தனாரின் கடைக்காக என் பெயரில் அடகில் இருக்கிறது. முதலில் 4 லட்சம் வாங்கினோம். ஆண்டுக்கு ஒருமுறையாக இரண்டு தடவை மாற்றி வைத்ததில் கடன் 8 லட்சமாகிவிட்டது. வட்டி 12 சதவீதம். இரண்டு மாதத்தில் மறுபடி கெடு வருகிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் 2 லட்சம் சேர்த்து வாங்கித் தரச் சொல்கிறார். "அண்ணி, நகை சும்மாதானே இருக்கு" என்கிறார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பதினோரு இரவு வராந்தாவில் படுத்திருந்தவர் அவர். மறுக்க மனம் வரவில்லை. போன மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கவரிங் செயின் போட்டுக்கொண்டு போனேன். இதற்கிடையில், மாலில் ஒரு ஹாலிடே கிளப்காரர்கள் 2.4 லட்சத்துக்கு உறுப்பினராகச் சொல்கிறார்கள், மாதத் தவணையும் உண்டாம். ஏஜென்ட் ஒருவர் கேன்சர் பாலிசி எடுக்கச் சொல்கிறார். இந்த நிலைமையில் ஊர் சுற்றப் பணம் செலவழிப்பது தவறா?

பதில்: தவறே இல்லை, சகோதரி. தென்காசிக்கும் போய் வாருங்கள், ஆக்ராவுக்கும் போய் வாருங்கள். இவ்வளவு பெரிய சிகிச்சையைக் கிரெடிட் கார்டு கடன் இல்லாமல் தாண்டி வந்த குடும்பத்துக்கு வரவு செலவுத் திட்டம் போடக் கற்றுத்தர வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால், எதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டுமோ அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு, உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான் கடிதத்தைப் படித்தபோது என்னை வருத்தியது.

அந்த நகைக்கடனைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முதல் ஆண்டு முடிவில் 4 லட்சத்துக்கு வட்டி 48,000. அதைக் கையிலிருந்து கட்டாமல் 6 லட்சத்துக்கு மாற்றி வைத்தபோது, கொழுந்தனாருக்குப் புதிதாகப் போனது 1,52,000. இரண்டாம் ஆண்டு 6 லட்சத்துக்கு வட்டி 72,000. 8 லட்சத்துக்கு மாற்றி வைத்ததில் அவருக்குப் போனது 1,28,000. ஆக மொத்தம் அவர் கைக்குச் சேர்ந்தது 6,80,000. மீதி 1,20,000 ரூபாய் யாருடைய கடைக்கும் போகவில்லை, யாருடைய தொழிலுக்கும் உதவவில்லை. வட்டியே அசலாகி உங்கள் பெயரில் நிற்கிறது. இந்த ஆண்டு வட்டி 96,000. இந்தக் கெடுவில் அதையும் சேர்த்து, அவர் கேட்கும் 2 லட்சத்தையும் சேர்த்து மாற்றி வைத்தால் கடன் 10,96,000 ஆகும். அதற்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 1,31,500, மாதத்துக்கு 11,000. உங்கள் வீட்டில் மாதம் மிஞ்சுவது 12,000 ரூபாய்தான்.

கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாததால் இது வலிப்பதில்லை. கவுண்டரில் இரண்டு கையெழுத்து, பழைய ரசீதுக்குப் பதில் புதிய ரசீது, அவ்வளவுதான். தங்கம் விலை ஏறும் காலத்தில் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே கிடைப்பதால், கடன் வளர்கிறது என்ற எண்ணமே வராமல், நகை ஏதோ சம்பாதித்துத் தருவதுபோலத் தோன்றிவிடுகிறது. விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவ்வளவு பெரிய கடனுக்கு நகை மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. மதிப்பு குறைந்தால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும். அது வருவது கடைக்காரர் விலாசத்துக்கு அல்ல, குரோம்பேட்டை விலாசத்துக்கு.

அந்தப் பதினோரு இரவுகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் ட்யூப்லைட் வெளிச்சத்தில், செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருக்கும் உறவுக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த அன்பு பெரிது. ஆனால் அவர் அதற்குக் கணக்கு எழுதி வைத்திருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களாகவே அதை ஒரு கடனாகப் பாவித்து, அவர் கேட்கும்போதெல்லாம் நகையால் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நோயிலிருந்து மீண்டவர்கள் பலரிடம் இதைக் காண்கிறேன்: குடும்பத்துக்கே பாரமாகிவிட்டோம் என்ற கூச்சத்தில், யார் எதைக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவருடைய கடையும் ஆண்டுக்கொரு முறை உங்கள் நகையை நம்பியே நிற்குமானால், இன்னும் 2 லட்சம் அவருக்கும் நல்லது செய்யாது.

எனவே, இந்த முறை மாற்றி வைக்காதீர்கள். இதைக் கொழுந்தனாரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். கெடுவுக்கு முந்தின வாரம் வரை காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு அழைத்து, நீங்களும் உடன் அமர்ந்திருக்க, "நீ செய்ததை நாங்கள் மறக்கவில்லை; ஆனால் அண்ணி நகையை இனி வைக்க மாட்டோம், இருக்கிற கடனை மாதாமாதம் அடைக்கப் போகிறோம், அதில் உன் பங்கு இவ்வளவு" என்று தொகையோடு சொல்லட்டும். தொகை சொல்லாத பேச்சு அடுத்த கெடு வரை இழுத்துக்கொண்டே போகும்.

தொகை எப்படி வருகிறது என்று பாருங்கள். சுமார் 11 லட்சம் தரத் தயாராக இருக்கிறார்கள் என்றால் உங்கள் 20 சவரனின் மதிப்பு 14.5 லட்சத்துக்குக் குறையாது. அதாவது சவரன் 70,000-க்கு மேல். கல், சேதாரம் என்று கழிப்பதற்கு இடம் விட்டு, 65,000 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் இனி அணியப் போவதில்லை என்று நினைக்கும் 7 சவரனை விற்றால் 4,55,000 வரும். கெடுவன்று மொத்த பாக்கி 8,96,000. அது போக நிற்பது 4,41,000. இதை ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனாக வைக்காமல், மூன்றாண்டு மாதத் தவணை நகைக்கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பல வங்கிகளில் இது உண்டு. தவணை ஏறக்குறைய 14,700. அதில் 10,000 கொழுந்தனார் கணக்கிலிருந்து மாதம் 5-ஆம் தேதி தானாகவே வந்துவிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், 4,700 நீங்கள் கட்டுங்கள். அவர் வாங்கிய தொகையோடு ஒப்பிட்டால் இது அவருக்கு மிகவும் இளக்கமான ஏற்பாடு. தொடர்ந்து இரண்டு மாதம் அவர் பணம் வராவிட்டால் மேலும் 7 சவரனை விற்றுக் கடனை முடித்துவிடுங்கள். அந்த முடிவையும் அதே ஞாயிற்றுக்கிழமை அவரிடமே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் 6 சவரன்தான் மிஞ்சும் என்றாலும், அது உங்கள் கழுத்தில் இருக்கும்.

அடகில் இருக்கும் நகையை எப்படி விற்பது என்று கேட்பீர்கள். வைப்புநிதியை உடைக்க வேண்டாம். அதன் பேரிலேயே 90 சதவீதம் வரை கடன் தருவார்கள், வட்டி வைப்புநிதி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் அதிகம். அந்தப் பணத்தில் பாதிக் கடனைக் கட்டி, நகையில் ஒரு பகுதியை விடுவித்து, விற்று, அதே வாரத்தில் வைப்புநிதிக் கடனை அடைத்துவிடலாம். பகுதியாக விடுவிக்கச் சம்மதிக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விற்பனை லாபத்துக்கு உங்கள் பெயரில் வரி வந்தாலும், வேறு வருமானம் இல்லாததால் அது சில ஆயிரங்களோடு நின்றுவிடும்.

6 சதவீதச் சொச்சம் வட்டி தரும் வைப்புநிதியை வைத்துக்கொண்டு 12 சதவீதக் கடன் கட்டுவதா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உங்களைத் தவிர வேறு யாராக இருந்தாலும் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். உங்களுக்கு அந்த 6 லட்சம்தான் இரண்டாவது காப்பீடு. ஒரு பரிசோதனை முடிவு சரியில்லை என்று வந்தால், நகைக்கடையில் வரிசையில் நிற்கும் நிலைமையில் நீங்கள் இருக்கக் கூடாது.

உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை. இருக்கும் என்றே நம்புகிறேன். அதன் புதுப்பிப்புத் தேதியை ஒரு நாள்கூடத் தவற விடாதீர்கள். முன்பு க்ளெயிம் வாங்கினீர்கள் என்ற காரணத்துக்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்க முடியாது, ஆனால் நீங்களே விட்டுவிட்டால் உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது மிகக் கடினம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அந்த வகையிலும் சுமை குறைந்திருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் கேன்சர் பாலிசி போன்றவை, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படுவதில்லை. "பழைய விஷயத்தை எழுத வேண்டாம்" என்று அவர் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, பணம் தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

ஹாலிடே கிளப் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. 2.4 லட்சம் கட்டணம். இத்தகைய திட்டங்களில் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் உண்டு, 12,000 என்று வையுங்கள். பத்தாண்டில் 3.6 லட்சம். ஆண்டுக்கு ஆறு இரவு தங்கினால், ஒரு இரவுக்கு 6,000 ரூபாய். ரயில், சாப்பாடு, தவணை வட்டி எல்லாம் தனி. பள்ளி, கல்லூரி விடுமுறையில் இடம் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. எல்லாவற்றையும்விட, பரிசோதனைத் தேதியையும் உடம்பின் அசதியையும் பார்த்து ஊருக்குப் போகும் ஒருவர், பத்தாண்டு விடுமுறையை இன்றே விலை கொடுத்து வாங்கி வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. இன்றைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று எங்கே சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் பயணம். தென்காசிக்குச் சாரல் காலத்தில், ஆனியிலோ ஆடியிலோ போங்கள். தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஊர் வந்துவிடும். மூன்றாம் வகுப்பு ஏசியில் நால்வருக்கும் போகவர 9,000, மூன்று இரவுக்கு இரண்டு அறை 11,000, கார், சாப்பாடு 15,000 என்று 35,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். அது உங்கள் வைப்புநிதியின் ஓராண்டு வட்டி. அசலைத் தொட வேண்டியதே இல்லை. குற்றாலத்தில் அருவியின் வேகம் அறுவை சிகிச்சை செய்த பக்கத்துத் தோளில் விழலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், போர்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

ஆக்ராவுக்கு அடுத்த பிப்ரவரி சரியாக இருக்கும். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், நவம்பரில் டெல்லிப் பக்கத்துக் காற்று உங்களுக்கு ஆகாது. போகும்போது ரயில், திரும்பும்போது டெல்லியிலிருந்து விமானம் என்று வைத்தால் நால்வருக்கு 1,10,000 வரை ஆகலாம். தவணை போக மிஞ்சும் 7,300-இல் மாதம் 7,000 வீதம் பத்து மாதம் ஆர்.டி. போட்டால் 70,000, மீதி 40,000-ஐத் தீபாவளி போனஸிலிருந்து ஒதுக்கச் சொல்லுங்கள். புற்றுநோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகை சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் பயணத்துக்குத்தான், இதற்குப் பொருந்தாது. ஆனால் 45 வயதைக் கடந்த பெண் என்ற முறையில், இடம் இருந்தால் கீழ் பெர்த் உங்களுக்குத் தானாகவே ஒதுக்கப்படும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன்னால் அடுத்த பரிசோதனைத் தேதியை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மஹாலுக்கு விடுமுறை, அன்று ஆக்ராவில் இருக்கும்படி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.