பழக்கமும் பழகுவதும்

கேள்வி: ஃபுட்பால் ஆடுகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் இப்போது டீம் காசில் கை வைக்கிறான். கேட்டால் சிரித்தே மழுப்புகிறான். "அவனோட சேராதே, நீயும் கெட்டுப் போயிடுவே" என்கிறார் அம்மா. அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாராமே, என்ன சொல்கிறார்?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அம்மா சொல்வதில் பாதியை அரிஸ்டாட்டில் அப்படியே ஒப்புக்கொள்வார். ‘நிகோமாக்கியன் எதிக்ஸ்’ நூலின் 10 பகுதிகளில் 8-ம் 9-ம் நட்புக்கே உரியவை. ஆனால் உங்களுக்கான பதில் 2-ஆம் பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. கிரேக்க மொழியில் ‘எதோஸ்’ என்று குறிலில் சொன்னால் பழக்கம். ‘ஏதோஸ்’ என்று நெடிலில் சொன்னால் குணம். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான். நியாயமாக நடந்து நடந்துதான் நியாயஸ்தன் ஆகிறான். கோணலாகக் கட்டிப் பழகினால் கை கோணலாகவே வரும். சேர்ந்து குடிப்பவர்கள், சேர்ந்து தாயம் உருட்டுபவர்கள், சேர்ந்து உடற்பயிற்சி செய்பவர்கள் என்று அவரே அடுக்குகிறார்: கெட்டவர்கள் சேர்ந்தால் இன்னும் கெடுகிறார்கள், நல்லவர்கள் சேர்ந்தால் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு உயர்கிறார்கள். ஒன்றைச் செய்து செய்து பழகுவது, ஒருவரோடு சேர்ந்து பழகுவது என இரண்டையும் தமிழில் ‘பழகுதல்’ என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது, பாருங்கள்.

உடனே வெட்டிவிடு என்ற மீதிப் பாதியை அவர் ஏற்கமாட்டார். திருத்தவே முடியாது என்றால்தான் பிரிவு. திருந்த வழியிருந்தால், சொத்தை இழந்த நண்பனைவிட குணத்தை இழக்கும் நண்பனுக்குத்தான் முதலில் கைகொடுக்க வேண்டும் என்கிறார். பலர் தவறுவது இங்கேதான்: நண்பன் எடுத்த 500 ரூபாயைத் தன் கைக்காசில் போட்டுக் கணக்கை நேர்செய்துவிடுவார்கள். கணக்கு நேராகும், கை நேராகாது. தனியாகக் கூப்பிடுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு என்று நோட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். பொதுவாகப் பேசினால் மறுபடி மழுப்புவான், பத்துப் பேர் முன்னால் கேட்டால் வீம்பு பிடிப்பான். பணத்தை அவனே, தவணையிலாவது, திருப்பிக் கட்டட்டும். இனி வரவு செலவுக்கு இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

அப்படியும் தொடர்ந்தால் விலகலாம். விலகிய பிறகும், அளவு மீறிய கெடுதல் செய்தவனாக இல்லாதவரை, பழைய பழக்கத்துக்காக அவனை மூன்றாம் மனிதன்போல் நடத்தக்கூடாது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து.

கேள்வி: ஒருவர் உண்மையான நட்பா என்று தெரிய எவ்வளவு நாளாகும்?
- வாசகி, ராயபுரம்

பதில்: சேர்ந்து உப்புத் தின்னும்வரை ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அரிஸ்டாட்டில் எடுத்துச் சொல்கிறார். அவருடைய ‘யூடெமியன் எதிக்ஸ்’ நூலில் அதற்கு அளவும் உண்டு: ஒரு மெடிம்னோஸ். ஏதென்ஸ் கணக்கில் அது சுமார் 50 லிட்டர். கல்லுப்பு என்றால் 50 கிலோ வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு வேளை இருவர் சேர்ந்து சாப்பிட்டு, ஆளுக்கு 3 கிராம் உப்புச் சேர்ந்தால், அந்த மூட்டை தீர ஏறக்குறைய 23 வருடமாகும்.