அல்சேஷன் கீழ்ப்படிதல் சாம்பியன்ஷிப்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

ஜெர்மன் ஷெப்பர்ட், நம்மூர் வாயில் அல்சேஷன், வைத்திருப்பவர்களிடம் கீழ்ப்படிதல் போட்டி விதிகளைப் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன, கையில் எடுத்தவரைக்கும் எழுதுகிறேன். நான் சொல்வது எஃப்சிஐ என்கிற சர்வதேச நாய்ச் சங்க அமைப்பின் ஐஜிபி, அதாவது வேலை நாய்ப் பரீட்சை, விதிகள், ஏனென்றால் இந்த இனத்துக்கான பெரிய போட்டிகள் இவற்றின்படிதான் நடக்கின்றன. முந்தி ஷுட்ஸ்ஹுண்ட் என்றார்கள், பிறகு ஐபிஓ, 2019 முதல் ஐஜிபி. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, ஒவ்வொன்றிலும் 70 எடுத்தால்தான் பாஸ். நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் நடுப்பகுதியைப் பற்றி. விதிப்புத்தகம் இடைக்கிடை திருத்தப்படும், உயரமும் எடையும் மாறக்கூடும், ஆகவே பெயர் கொடுக்கும்போது எந்தப் பதிப்பின்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

வத்தளையிலிருந்து ஒரு தம்பி: என் நாய்க்கு 14 மாதம். நேரே ஐஜிபி 1 போகலாமா அண்ணா?

முடியாது தம்பி. முதலில் பிஎச் என்கிற துணை நாய்ப் பரீட்சை. அதற்கே குறைந்தது 15 மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்புறம் ஐஜிபி 1-க்கு 18, 2-க்கு 19, 3-க்கு 20 மாதம். உலக ஜெர்மன் ஷெப்பர்ட் சாம்பியன்ஷிப்புக்குப் போகிற நாய்கள் எல்லாம் ஐஜிபி 3 முடித்தவை.

பிஎச்-இல் மைதானப் பகுதிக்கு மொத்தம் 60 புள்ளி: கயிற்றோடு கூட நடத்தல் (நாய் உங்கள் பக்கத்திலேயே நடப்பது) 15, கயிறில்லாமல் 15, நடந்துகொண்டே உட்கார வைத்தல் 10, படுக்க வைத்துக் கூப்பிடுதல் 10, இன்னொரு நாய் வேலை செய்யும்போது அசையாமல் படுத்திருத்தல் 10. 42 எடுத்தால்தான் இரண்டாம் பகுதிக்கு விடுவார்கள். அது வீதியில் நடப்பது: சைக்கிள், வாகனம், ஆட்கள், வேறு நாய்கள், இவற்றுக்கு நடுவே உங்கள் நாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. கொழும்பின் நெரிசலான காலி வீதியில் (Galle Road) நடந்து பழகிய நாய்க்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முதல் மைக்ரோசிப்பை வாசித்துப் பார்ப்பார்கள். சிப் வாசிக்கவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் ஒரு மாதத்துக்கு முன்னமே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்து வையுங்கள். முதல் தரம் வருகிற உரிமையாளருக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. அதாவது நாய் மட்டும் படித்தால் போதாது.

வெள்ளவத்தை அக்கா ஒருவர்: கட்டளையை ஜெர்மனில்தான் சொல்ல வேண்டுமா? நாங்கள் வீட்டில் தமிழில்தான் கதைக்கிறோம்.

தமிழில் தாராளமாகச் சொல்லலாம் அக்கா. புத்தகத்தில் ‘சிட்ஸ்’, ‘பிளாட்ஸ்’ என்று இருப்பது அவர்கள் ஊர் வழக்கம், உங்கள் மொழியில் சொல்வதற்குத் தடை இல்லை. ‘இரு’, ‘படு’, ‘நில்’, ‘வா’ எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். ஒரே செயலுக்கு ஒவ்வொரு தரமும் ஒரே சொல், அதுதான் முக்கியம்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கொழும்பு வீடுகளில் நாய்க்கு மூன்று மொழியில் உத்தரவு போகும். அம்மா ‘இரு’ என்பார், பிள்ளைகள் ‘சிட்’ என்பார்கள், காவலுக்கு இருக்கிறவர் சிங்களத்தில் ‘இந்தகன்ன’ என்பார், நாயும் பாவம், கடைசியில் சொல்லை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தே ஊகிக்கப் பழகிவிடும். போட்டியில் முகத்தால் உதவினால் புள்ளி போகும். ஆகவே போட்டிச் சொற்களை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வீட்டில் வேறு எதையாவது சொல்லட்டும்.

இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று: நாயின் பெயரையும் கட்டளையையும் சேர்த்துச் சொன்னால் அது இரட்டைக் கட்டளை. ‘ராஜா, இரு’ என்றால் புள்ளி குறையும். கூப்பிடும்போது மட்டும் ‘வா’ என்பதற்குப் பதிலாகப் பெயரைச் சொல்லலாம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம், பெயர் சொல்லாமல் எங்களுக்கு வாயே திறக்காது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: துப்பாக்கிச் சத்தம் வைப்பார்களாமே, உண்மையா? இவன் தீபாவளிக்குக் கட்டிலுக்குக் கீழே போனவன்.

உண்மை. பிஎச்-இல் இல்லை, ஐஜிபி-இல் உண்டு. கயிறில்லாமல் கூட நடக்கும்போது ஏறக்குறைய 15 எட்டு (காலடி) தூரத்திலிருந்து 6 மில்லிமீற்றர் வெற்றுத்தோட்டா இரண்டு. சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற நாயை அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள், பெற்ற புள்ளி எதுவும் நிற்காது. சும்மா காதைத் திருப்பிப் பார்ப்பது வேறு, அதற்கு ஒன்றும் ஆகாது.

தயவுசெய்து பழக்குகிறேன் என்று நாய்க்குப் பக்கத்தில் வெடி கொளுத்தாதீர்கள். கொழும்பில் புதுவருடம், தீபாவளி, கிரிக்கெட் வெற்றி என்று வருடம் முழுக்க வெடி இருக்கிறது, நீங்கள் வேறு கூட்ட வேண்டாம். தூரத்தில் எங்கேயோ வெடிக்கும்போது நீங்கள் கவனிக்காததுபோல விளையாட்டைத் தொடருங்கள். அது சாப்பிட மறுத்தால், வாலை ஒடுக்கினால், அந்தத் தூரம் இன்னும் போதாது என்று அர்த்தம், பின்னால் வாருங்கள். கட்டிலுக்குக் கீழே போனவன் என்கிறீர்களே, சில நாய்கள் மாறும், சில மாறாது. மாறாவிட்டால் பிஎச்-ஓடு நிறுத்திக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாக்கெட்டில் பிஸ்கட் வைக்கலாமா? முள்ளுச் சங்கிலி போடலாமா? (இதை மட்டும் ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள்)

இரண்டும் கூடாது. மைதானத்துக்குள் தின்பண்டமோ பந்தோ கொண்டுபோனது தெரிந்தால் தகுதி நீக்கம். காற்சட்டையை முதல் நாளே தோய்த்துப் போடுங்கள், பழைய தூள் மணத்துக்கு நாய் உங்கள் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நடக்கும். முள்ளுச் சங்கிலி, கரண்ட் பட்டி இரண்டுக்கும் தடை.

தெஹிவளையிலிருந்து ஒரு அங்கிள்: டம்பெல் எடுத்துவரும் பகுதியில் எப்படிப் புள்ளி போகிறது? என் நாய் கொண்டுவந்து மெல்லத் தொடங்கிவிடும்.

நல்ல கேள்வி அங்கிள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டம்பெல்லை, அதாவது நாய் வாயில் கவ்விவருகிற மரக்கட்டையை, மூன்று தரம் எறிய வேண்டும்: வெறும் தரையில், தடைக்கு மேலால், சாய்மரச் சுவருக்கு மேலால். 2019 விதிகளில் தடை 100 சென்ரிமீற்றர், சுவர் 180. அதே விதிகளில் தரையில் எறிகிற டம்பெல் ஐஜிபி 1-க்கு 650 கிராம், 2-க்கு ஒரு கிலோ, 3-க்கு இரண்டு கிலோ. தடைக்கும் சுவருக்கும் எப்போதும் 650தான். இரண்டு கிலோவைப் பார்த்துப் பயந்து முதல் நாளே அதைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பல்லில் இடித்துக்கொண்ட நாய் பிறகு எந்தக் கட்டையையும் முழு வாயால் பிடிக்காது. இங்கே கடையில் கிடைக்காவிட்டால் தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்விக்கலாம், கடிக்கிற நடுத்தண்டு மரமாக இருக்க வேண்டும், வார்னிஷ் வேண்டாம்.

நாய் எடுத்து வந்து உங்களுக்கு முன்னால் நெருங்கி உட்கார வேண்டும். நீங்கள் ஏறக்குறைய மூன்று விநாடி பேசாமல் நிற்க வேண்டும், பிறகு ‘விடு’. அந்த மூன்று விநாடியில்தான் உங்கள் நாய் மெல்லுகிறது. காரணம் பெரும்பாலும் கை. டம்பெல் கிட்ட வரும்போதே உங்கள் கை மேலே எழும்புகிறது, நாய் பறிபோகப் போகிறது என்று பிடியை மாற்றுகிறது, மாற்றுவது மெல்லுவதாகத் தெரிகிறது. ஒரு வாரத்துக்கு எறிவதையே விடுங்கள். நாயை முன்னால் உட்கார்த்தி, வாயில் கட்டையைக் கொடுத்து, இரண்டு கையையும் கட்டையின் பக்கமாகக் கொண்டுபோய் எடுக்காமல் திரும்பக் கீழே விடுங்கள். கை வந்தாலும் கட்டை போகாது என்று புரிந்தால் வாய் அடங்கும்.

தடை, சுவர் இரண்டுக்கும் 15 புள்ளி வீதம். போகும்போது பாய்தல், எடுத்தல், வரும்போது பாய்தல் என்று மூன்று பங்கு. ஒரு பக்கம் பாயாமல் சுற்றி வந்து கட்டையைக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் தப்பும். இரண்டு பக்கமும் அழகாகப் பாய்ந்துவிட்டுக் கட்டையை அங்கேயே விட்டுவந்தால் பூச்சியம். எறிந்தது கோணலாகப் போய்விட்டால் பதறி நாயை அனுப்பாதீர்கள், நடுவரிடம் கேட்டுத் திரும்ப எறியலாம். நாய் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் அதற்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். இதைத் தெரியாமலே எத்தனையோ பேர் 15 புள்ளியைப் புல்லில் விட்டிருக்கிறார்கள்.

பம்பலப்பிட்டி தங்கச்சி: என் நாய் நன்றாக நடக்கிறது, ஆனாலும் கூட நடத்தலில் ‘திருப்தி’தான் கிடைத்தது. ஏன் என்று நடுவர் சொன்னது புரியவில்லை.

‘திருப்தி’ என்றால் 70-79 சதவீதம். 80-89 ‘நன்று’, 90-95 ‘மிக நன்று’, 96-உம் அதற்கு மேலும் ‘சிறப்பு’. நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நாயில் பெரிய பிழை இல்லை, பிழை உங்கள் இடது தோளில். திரும்பும் முன் அந்தத் தோள் பின்னால் போகிறது, நிற்கும் முன் முழங்கால் ஒரு தரம் மடிகிறது. நாய் உங்கள் சொல்லுக்கு இல்லை, அந்தத் தோளுக்குத்தான் வேலை செய்கிறது, நடுவர் அதை உடல் உதவி என்று எழுதுகிறார். நேராக 50 எட்டு நடந்து, திரும்பி, ஓட்டம், மெதுநடை, குறைந்தது நாலு பேர் நிற்கும் கூட்டத்துக்குள்ளே போய் வருவது என்று முழுப் பாதையையும் நாய் இல்லாமல் தனியாக நடந்து பழகுங்கள். கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு நடந்தால் இன்னும் நல்லது. அயலவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நின்றவுடன் நாய் தானாக உட்கார வேண்டும், அதற்குச் சொல் கிடையாது. சொல் தொடங்கும்போதும் வேகம் மாறும்போதும் மட்டும்தான்.

என்னிடம் வருகிற புள்ளித் தாள்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். வெட்டுப்பட்ட புள்ளி நாயின் பெயரில் இருக்கும், காரணம் மனிதரின் பக்கம் இருக்கும்.

போட்டி நாளில் பெண் நாய்க்குப் பருவம் வந்துவிட்டால்?

ஐஜிபி-இல் விடுவார்கள், ஆனால் கடைசியாக. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மற்ற நாய்கள் நிற்கிற பக்கம் கொண்டுபோகாதீர்கள். சுகமில்லாத நாயைக் கொண்டுபோவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கிருலப்பனையிலிருந்து: கண்காட்சியில் பரிசு வாங்கிய நாய். அதற்கு ஏதாவது சலுகை உண்டா?

இல்லை. மைதானத்தில் நாயின் முடியையும் முதுகுக் கோட்டையும் யாரும் பார்ப்பதில்லை. இந்த இனத்துக்கான ஜெர்மன் சங்கத்தை 1899-இல் மக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் தொடங்கியபோதே வேலை செய்கிற நாய் வேண்டும் என்றுதான் நின்றார். அழகாக இருக்கிற நாய் படுத்திருக்கச் சொன்னால் படுத்திருக்கட்டும், பிறகு பார்ப்போம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை அங்கே போட்டிக்குப் போகிறாளாம், 200 புள்ளி என்கிறாள். வேறு விதியா?

வேறு. அது அமெரிக்க கெனல் கிளப், ஏகேசி. அங்கே தொடக்க வகுப்புக்கு மொத்தம் 200, பாஸாக 170 வேண்டும், அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். அப்படி மூன்று தரம், குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்களிடம் பாஸ் பண்ணினால் சிடி, அதாவது கம்பானியன் டோக், பட்டம். துப்பாக்கி இல்லை, சுவர் இல்லை. பருவத்தில் இருக்கிற பெண் நாயை அங்கே விடமாட்டார்கள். நாயின் பெயரைச் சொல்லிக் கட்டளை கொடுப்பதும் அங்கே சரி, இங்கே பிழை. அக்காவும் தங்கையும் போனில் பயிற்சி பரிமாறும்போது இதைக் கவனியுங்கள்.

அந்தப் போட்டி தொடங்கிய கதையும் நல்ல கதை. தன் பூடில் நாய்களை வெறும் அலங்கார நாய் என்று சொன்னவர்களுக்குக் காட்டுவதற்காக ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி 1933-இல் நியூயோர்க் பக்கம் மவுண்ட் கிஸ்கோவில் முதல் போட்டியை நடத்தினார். 1936-இல் ஏகேசி அதை ஏற்றுக்கொண்டது.

பிளாட்டில் இருக்கிறோம், முற்றம் இல்லை. அசையாமல் படுத்திருப்பதை எங்கே பழக்குவது?

கொழும்பு அதற்குத்தான் வசதியான ஊர். போட்டியில் இன்னொரு நாய் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை உங்கள் நாய் படுத்திருக்க வேண்டும், நீங்கள் 30 எட்டுத் தள்ளி நிற்பீர்கள், ஐஜிபி 3-இல் கண்ணுக்கே தெரியமாட்டீர்கள். காலையில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் போனால் ரயில், காகம், தெருநாய் மூன்றும் இலவசம். ஒழுங்கைக்குள் பாட்டோடு வருகிற, பாண் விற்கிற ‘சூன் பாண்’ ஓட்டோ இன்னும் நல்லது, பாண் மணமும் சேர்ந்து வரும். நீண்ட கயிற்றில் கட்டியபடி, முதலில் இரண்டு எட்டு, பிறகு ஐந்து. நாய் எழும்பினால் திட்டாமல் அதே இடத்தில் திரும்பப் படுக்க வையுங்கள், ஓரடி முன்னால் நகர்ந்து படுக்க விட்டால் அது தவழப் பழகிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள், தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் வயிறும் தாங்காது.

69 புள்ளி போட்டுவிட்டார். ஒரு புள்ளிதானே, முறைப்பாடு செய்யலாமா?

நடுவரின் மதிப்பீடு இறுதி, புள்ளிக்கு முறைப்பாடு கிடையாது. அவர் விதியையே தவறாகப் பிரயோகித்தார் என்றால் அது வேறு விஷயம், அதை எழுத்தில் கொடுக்கலாம். மைதானத்தில் நின்று சத்தம் போட்டால் விளையாட்டு ஒழுங்கு மீறல் என்று இருக்கிற 69-ஐயும் எடுத்துவிடுவார்கள். புள்ளித் தாளை வாங்கிக்கொண்டு வாருங்கள், அடுத்த ஞாயிறு எடுத்து வந்தால் வரி வரியாகப் பார்க்கலாம்.